குழாய்த் தண்ணீரின் வாசனை

தலையில் முடி உள்ளவர்களுக்குத் தொப்பியின் அருமை தெரியாது. உள்ளே வந்ததும் நீங்கள் முதலில் என் தொப்பியைத்தான் கழற்றச் சொன்னீர்கள், சார். விதிமுறை என்றால் கழற்றுகிறேன். கழற்றியதும் உங்கள் பின்னால் நிற்கும் காவலர் வாய்க்குள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு பிடிக்காது என்றில்லை. இடம் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர் சிரித்தது என் நெற்றிக்கு மேலே தெரியும் இந்தப் பூனைமுடிக்காக. இது தானாக முளைத்ததல்ல. இதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

நான் ஒரு காலத்தில் சோப்புக் கம்பெனியில் மோந்து பார்க்கும் வேலையில் இருந்தேன். அங்கிருந்து இந்த மருந்து ஆராய்ச்சிக் கம்பெனிக்கு வந்தேன். தலைமை விஞ்ஞானி என்று அறைக்கதவில் எழுதியிருந்தாலும் எல்லோரும் கூப்பிட்டது 'மூக்கு சார்' என்றுதான். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு நேரிலேயே. நான் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனித உடம்பில் வாசனை ஏற்பிகள் என்று சில உண்டு. செல்லின் வாசலில் இருக்கும் அழைப்பு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நானூறு வகை. வாசனை வந்து மணியை அழுத்தும். ரோஜா வந்திருக்கிறது என்று மூளைக்குத் தகவல் போகும். இது பள்ளிக்கூடப் பாடம். பாடத்தில் இல்லாதது என்னவென்றால், இந்த மணிகள் மூக்கில் மட்டும் இல்லை. தோலில் இருக்கின்றன, சிறுநீரகத்தில், நுரையீரலில், குடலில், சொல்லக் கூசும் இடங்களிலும் இருக்கின்றன. அங்கெல்லாம் ரோஜாவைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. மணி அடித்தால் செல் எழுந்து தன் வேலையைப் பார்க்கும். தோலில் சரியான மணியை அழுத்தினால் செல்கள் பெருகிக் காயத்தை மூடும். மயிர்க்கால் பக்கத்தில் அழுத்தினால் உதிர இருந்த முடி இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகும். மருந்துக்கடை மாத்திரைகளில் பலவும் உடம்பின் வேறு மணிகளை அழுத்துகின்றன, இல்லையென்றால் அடைக்கின்றன. இந்த நானூறை மட்டும் பலரும் சீண்டவில்லை. மூக்குச் சமாச்சாரம்தானே என்ற இளக்காரம்.

எங்கள் தலைவர் சீண்டினார். வரவேற்பறைச் சுவரில் 'மூக்கைத் தாண்டி' என்று ஆளுயர எழுத்தில் பதித்தார். அந்த இரண்டு சொல்லைக் கண்டுபிடிக்க ஓர் ஆலோசனை நிறுவனம் மழைக்காலம் முழுவதும் எங்கள் செலவில் சாப்பிட்டது. வாசலில் போட்ட கால்மிதியிலும் அதே வாசகம்தான்.

கம்பெனியில் ஒரு பழக்கம் இருந்தது. எங்கே எந்த வாசனையைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எரிவாயு கசிகிறதா, வடிகால் அடைத்திருக்கிறதா, யாராவது விதியை மீறி சென்ட் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்களா, எல்லாவற்றுக்கும் நான் ஒரு தடவை மூச்சை இழுத்துத் தீர்ப்புச் சொல்வேன். அதற்குமேல் பேச்சு கிடையாது. மறுத்துப் பேசியவருக்குச் சளி பிடித்திருக்கிறது என்று தலைவர் விடுப்புக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

நாங்கள் செய்த களிம்புக்குப் பெயர் பதினேழு. பதினாறு தோற்றுப்போன பிறகு வந்தது. மயக்கம் கொடுத்த எலியின் முதுகில் காசு வடிவத்தில் தோலை வெட்டி எடுத்துவிட்டுப் பதினேழைத் தடவினால், காயம் உள்வாங்கி மூடிக்கொள்ளும். அந்த எலிகளை வெட்டியதில் பெரும்பகுதி என் கைதான். எனக்குக் கை நடுங்காது. அதைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள்.

பதினேழை நான் என் தலையிலும் தடவினேன். தினமும் குளித்த பிறகு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. தன் மருந்தைத் தானே சோதிக்கும் விஞ்ஞானி எவ்வளவு உயர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியே சொல்லவில்லை; விளம்பரம் எனக்குப் பிடிக்காது. ஏறக்குறைய ஒரு வருடத்தில் நீங்கள் பார்க்கும் இந்த முடி வந்தது. தொப்பியை இன்னும் விடவில்லை. முழுமையாக வந்த பிறகு ஒரே நாளில் காட்டலாம் என்றிருந்தேன்.

இந்த நேரத்தில், சோதனைக்காகப் பதினேழைத் தடவிக்கொண்ட சில நோயாளிகள் சாப்பாட்டில் ருசியே இல்லை என்று புகார் சொன்னதாகச் செய்தி வந்தது. நோயாளிகள் அப்படித்தான் ஏதாவது சொல்வார்கள். பதினேழு தோலில் மட்டும் வேலை செய்யும், மூக்குக்கு ஏறாது. நானே எழுதி, நானே மேடையில் சொன்ன விஷயம் அது. எங்களை வாங்க வரவிருந்த பெரிய கம்பெனி வைத்த ஒரே நிபந்தனையும் அதுதான்: மூக்கைத் தொடக்கூடாது.

வீட்டில் ஒருநாள் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கரியாகிப் புகை கிளம்பிவிட்டது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மாடியிலிருந்து ஓடி வந்தாள்.

"பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க? தெரு முனை வரைக்கும் அடிக்குது."

கருகும் பாலின் வாசனை எந்தக் கட்டத்தில் எப்படி மாறுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், தோல் மருத்துவர். எங்கள் கம்பெனியில் நோயாளிகளிடம் மருந்தைச் சோதிக்கும் பிரிவு அவர் கையில் இருந்தது. அந்தப் பெரிய கம்பெனி கேட்ட உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர். அதை நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம் சொல்லிக்காட்டியதும் அவர். நல்ல மனிதர். சிரித்த முகம். அதுதான் சொன்னேனே, இடம் பார்க்க மாட்டார்.

கம்பெனிக்கு நீண்ட விடுமுறை விட்டிருந்த ஒரு நாள் பகலில் என்னை ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். கட்டடத்தில் எங்கள் இருவரையும் எலிகளையும் தவிர யாரும் இல்லை. எலி அறைக்கு வெளியே கைகழுவும் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டு இரண்டு சின்னக் குப்பிகளை நீட்டினார். புது வாசனைகள், உன் கருத்து வேண்டும் என்றார். முதல் குப்பியை மோந்து, மிகவும் அடக்கமான பூ, கூச்ச சுபாவம் உள்ள பூ என்றேன். இரண்டாவது இன்னும் நுட்பமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன்.

"எலுமிச்சை. அடியில் லேசாகக் காய்ந்த மரம்."

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல குடுத்தது கக்கூஸ் கழுவுற பினாயில், மாப்பிள்ளை. ரெண்டாவது குழாய்த் தண்ணி."

வாசனை என்பது பாதி மூக்கு, பாதி அனுபவம் என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. என் தலையை உற்றுப் பார்த்தார். கையை நீட்டித் தொப்பியைப் பிடுங்கினார்.

"அடப்பாவி. இதுக்கா?" என்றார். பிறகு, "ஒவ்வொண்ணுக்கும் பேர் வெச்சிட்டியா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. நோயாளிகள் சொன்னதைக் காதில் வாங்காமல் விட்டது தன் தப்புத்தான் என்றார். மறுநாளே தலைவரிடம் சொல்லி எல்லாவற்றையும் நிறுத்தப்போவதாகவும், என் பெயர் வராமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நீ சங்கடப்படாதே என்று தோளைத் தட்டினார். தொப்பியை என் தலையில் வைத்துவிட்டு, கை கழுவத் திரும்பினார். திரும்பும்போது மறுபடியும் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்புக்காக நான் செய்யவில்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், சார். ஆயிரக்கணக்கானவர்களின் காயத்தை ஆற்றப்போகும் மருந்தை ஒருவர் குழாயடியில் வைத்து முடித்துவிடப் பார்த்தார். நான் மருந்தின் பக்கம் நின்றேன்.

வாயு சிலிண்டர் திறக்கும் ஸ்பானர் சுவரில் தொங்கும். கனமானது. அவருடைய வலது காதுக்கு மேலே அடித்தேன். நனைந்த துணி மூட்டையைக் கீழே போட்டது மாதிரி ஒரு சத்தம். தொட்டியில் மோவாய் இடித்து, ஒரு பல் தெறித்து, பக்கவாட்டில் சரிந்தார். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூடினேன். தண்ணீரை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அவர் சாகவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் அந்தக் காயத்தைக் கவனித்தேன். நாங்கள் எலிக்குப் போடும் காயங்கள் அச்சில் வார்த்தது மாதிரி வட்டமாக இருக்கும். நிஜமான காயம் சொல்லிவிட்டு வராது மாப்பிள்ளை, கோணலா, அழுக்கா வரும், அதை ஆற்றிக் காட்டு என்று மச்சானே கூட்டங்களில் என்னை மடக்கியிருக்கிறார். இதோ கோணலாக, அழுக்காக ஒன்று. எலும்பு தெரிந்தது. இதைப் பயன்படுத்தாமல் விட்டால் அடித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போயிருக்கும்.

எலி அறைக்கு உள்ளே ஓர் இரும்பு மேஜை உண்டு. அந்த அறைக்குச் சாவி என்னிடம் மட்டும்தான். அவரை இழுத்துப்போய் மேஜையில் கிடத்தி, பட்டையால் கட்டினேன். எலிக்குக் கொடுக்கும் மயக்கமருந்தை எடைக்குத் தகுந்தபடி கூட்டிக் கொடுத்தேன். காதுக்கு மேலே பதினேழைத் தடவினேன். ஒரே ஒரு காயத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஒப்பிட இன்னொன்று வேண்டும். அதனால் இரண்டு தொடையிலும் ஒரே அளவில் வெட்டினேன், தசை வரைக்கும். எலித் தோலை விட மனிதத் தோல் கத்திக்கு அதிகம் இழுக்கிறது. வெட்டுக்குள் கொஞ்சம் தரைத் தூசியைத் தேய்த்தேன், அழுக்கு வேண்டும் என்று அவர் சொன்னதால். வலது தொடையில் பதினேழு, இடது தொடையில் மருந்து சேர்க்காத வெறும் களிம்பு. யார் கேட்டாலும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு.

வீட்டிலும், பிறகு கம்பெனியிலும், மச்சான் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். என்கிட்ட சொல்லாம அண்ணன் எங்கேயும் போக மாட்டாரே என்று என் மனைவி முணுமுணுத்தாள்.

மயக்கம் தெளிந்ததும் மச்சான் தண்ணீர் கேட்டார். குவளையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. "வாசனை எப்படி இருக்கு, மாப்பிள்ளை?" என்று கேட்டார். அந்த நிலைமையிலும் அவருக்குக் கிண்டல்தான். இதற்காகத்தான் சொல்கிறேன், மனிதரைத் திருத்த முடியாது என்று. அன்று இடது தொடைக் காயத்தை இன்னும் கொஞ்சம் அகலமாக்க வேண்டியிருந்தது. பட்டையை இழுத்துத் திமிறியதில் வலது பக்கம் கிழிந்து பெரிதாகிவிட்டது, அளவு சமமாக இல்லை. அகலமாக்கும்போது அவர் கிண்டல் செய்யவில்லை. மயக்கமருந்து எலிகளுக்கு வேண்டியிருந்ததால் அதைச் சிக்கனமாகவே பயன்படுத்தினேன்.

காயங்கள் நன்றாக ஆறிக்கொண்டிருந்தன. காயம் கெடுகிறதா என்று கண்ணைவிட மூக்குத்தான் முதலில் சொல்லும். இது எந்த மருத்துவருக்கும் தெரியும். நான் தினமும் முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்ப்பேன். இரண்டு தொடையிலும் ஒன்றுமில்லை. சுத்தம்.

அவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்:

"ரெண்டு காலும் அழுகுது. நாத்தம் எனக்கே தாங்கல. உனக்கு வரலைன்னா நிறத்தையாவது பாருடா. வெட்டி எடுக்கச் சொல்லு, உன் தங்கச்சின்னு நினைச்சு அவளுக்காகவாவது..." வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினார். என் மனைவியை என் தங்கை என்று சொல்லும் அளவுக்குப் புத்தி குழம்பியிருந்தது. அப்படிப்பட்டவர் சொல்லும் நோய்க்குறியை எப்படி ஏற்பது? நிறம் கறுத்திருந்தது உண்மை. புதுத்தோல் முதலில் கறுப்பாகத்தான் வரும். காயம் சுத்தமா இருக்கு மச்சான் என்று சொல்லி, போர்வையை இழுத்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து கம்பெனி திறந்த காலையில் துப்புரவு செய்யும் அம்மாவின் தள்ளுவண்டிச் சத்தம் வெளியே கேட்டது. மச்சானுக்கும் கேட்டுவிட்டது. அத்தனை நாள் இல்லாத பலம் எங்கிருந்தோ வந்து கத்தத் தொடங்கினார். கட்டுத்துணியைச் சுருட்டி அவர் வாய்க்குள் திணித்தேன். என் விரலைக் கடித்தார், இதோ தழும்பு. இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். பிறகு மார்பின்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்து மூடினேன். வண்டிச் சத்தம் நடைவழியைத் தாண்டிப் போய், லிப்ட் ஏறி, கதவு சாத்தி, அதற்கப்புறமும் பிடித்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுவதும் மூக்குக்காக உழைத்தவன். ஒரு மூக்கை மூடியது அதுதான் முதல் தடவை.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு அவரை மஞ்சள் பைகளில் சுற்றிக் கழிவறைக்கு, அதாவது மருத்துவக் கழிவு சேர்த்து வைக்கும் குளிர் அறைக்குக் கொண்டுபோனேன். அதற்கு அடுத்துத்தான் கூட்ட அரங்கம். குளிர்பெட்டி ஓடவில்லை. பழுதுபார்க்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். வாசனை ஏதும் இல்லாதபோது என்ன அவசரம்? கழிவு வண்டி வந்தால் பையோடு பையாகப் போய்விடும். ஆனால் பெரிய கம்பெனிக் குழு வரும் வாரம் குப்பை வண்டி விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று தலைவர் அதை நிறுத்திவைத்திருந்தார். இதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. நிர்வாகத் திறமை எப்படி இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

பணியாளர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள். கணக்குப் பிரிவுப் பெண் வாந்தி எடுத்தாள். குளிர்சாதனக் குழாய்க்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் சொல்ல, எங்கள் எலி ஒன்றுகூடக் குறையவில்லை என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். கடைசியில் தலைவர் எல்லோரையும் அரங்கத்தில் கூட்டினார்.

"எதுக்கு விவாதம்? மூக்கு சார் சொல்லட்டும்."

நான் நடுவில் நின்று மூச்சை இழுத்தேன். ஒன்றுமில்லை, லேசாக எலுமிச்சை என்றேன். தலைவரும் இழுத்தார். அவர் கண்ணில் நீர் கோத்தது. ஆமாம், எலுமிச்சை என்றார். அதன்பிறகு ஒவ்வொருவராக இழுத்து, ஒவ்வொருவராக எலுமிச்சை என்றார்கள். கணக்குப் பெண் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குச் சளி என்று விடுப்புக் கொடுத்தார்கள்.

வீட்டிலும் இதே தொந்தரவு. எலி செத்த இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களா என்று மனைவி கேட்டாள். என் சட்டைகளைத் தனியாக ஊறவைத்தாள். பக்கத்து அறையில் படுக்க ஆரம்பித்தாள். அண்ணன் போனை எடுக்காத கவலையில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பெரிய கம்பெனிக் குழு வந்தது. குழுத்தலைவி 'மூக்கைத் தாண்டி'யை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். கொஞ்சம் நின்றார். தலைவர் முக்கால் மணிநேரம் வரவேற்றார். நான் காயங்களின் படங்களைக் காட்டினேன். பழைய படங்கள்தான், மச்சானுடையதை இன்னும் சேர்க்கவில்லை. அரங்கத்தில் ஒவ்வொரு கைக்குட்டையாக வெளியே வந்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என் பேச்சு அவ்வளவு தூரம் தொடும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

குழுத்தலைவி கையைத் தூக்கி, இது என்ன நாற்றம் என்று கேட்டார். தலைவர் பெருமையோடு என் பக்கம் கையை நீட்டினார். எலுமிச்சை என்றேன். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். அந்த அம்மாள் யாரையும் பார்க்கவில்லை. எழுந்து, சுவரோரமாக நடந்து, கழிவறைக் கதவைத் திறந்தார். பைகள் உப்பி வெடித்திருந்தன. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தலைவர் இன்னும் கொஞ்ச நேரம் எலுமிச்சை என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

என் மச்சானை அடித்தது நான்தான். கட்டியது, வெட்டியது, மூச்சை அடைத்தது எல்லாம் நான்தான். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் காயம் அழுகிச் செத்தார் என்று உங்கள் மருத்துவர் எழுதினால் அதை மறுக்கிறேன். மூச்சு அடைத்துத்தான் செத்தார். காயங்கள் ஆறிக்கொண்டிருந்தன. பதினேழுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது.

என் மனைவியைப் பார்க்க அனுமதித்ததற்கு நன்றி. அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. எனக்காக அழுகிறாள் என்று நினைத்து எழுந்து பக்கத்தில் போனேன். அவள் பின்னால் நகர்ந்தாள். ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"குளிக்கச் சொல்லுங்க இவர. மேலெல்லாம் அண்ணன் அடிக்குது."

அவள் போன பிறகு நீங்கள் மாற்றுச் சட்டை கொடுத்தீர்கள். வேண்டாம் என்றேன். துக்கத்தில் இருப்பவர்களுக்கு இல்லாத நாற்றமெல்லாம் வரும், சார். சந்தேகத்துக்கு இடம் வைக்கக்கூடாது என்று சட்டைக் கையை மூக்கோடு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக மோந்து பார்த்தேன்.

எலுமிச்சை. அடியில் லேசாகக் காய்ந்த மரம்.